எலி, டி செல், கம்பெனி வேலை: இம்யூனாலஜி படிக்கிறவங்க கேள்விகளுக்கு பதில்

2025 அக்டோபர் 6-ம் தேதி மருத்துவ நோபல் அறிவிச்சதுல இருந்து வர்ற கடிதங்கள்ல பாதி இம்யூனாலஜி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்திய பத்தின படிப்பு, அத பத்திதான் இருக்கு. மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி, மூணு பேருக்கும் சேர்த்து குடுத்தாங்க, எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்காம எப்படி அடக்கப்படுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு. அதுல ரெண்டு பேர் பரிசுக்கான வேலைய செஞ்சது ஒரு பயோடெக் கம்பெனிக்குள்ள. அதான் எல்லாருக்கும் இவ்ளோ கேள்வி. முடிஞ்சவரைக்கும் எல்லாத்துக்கும் எழுதுறேன்.

அக்கா, எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். இம்யூனாலஜில பிஎச்.டி. முடிச்சிட்டு கம்பெனிக்கு போகணும்னு ஆசை. ஆனா எங்க டிபார்ட்மெண்ட் சார் ஒருத்தர், கம்பெனிக்கு போனா அதோட நீ சயின்டிஸ்ட் இல்ல, சொன்ன வேலைய செய்ற ஆள்தான்னு சொல்லிட்டாங்க. நெஜமாவா?
வாசகி, நாமக்கல்

இல்லமா. உங்க சார் உங்க நல்லதுக்குதான் சொல்லியிருப்பாரு, ஆனா அது உண்மை இல்ல.

அமெரிக்காவுல சியாட்டில் பக்கத்துல பாத்தல்னு ஒரு ஊர். அங்க 90-கள்ல டார்வின் மாலிக்யூலர்னு ஒரு சின்ன கம்பெனி இருந்துச்சு. அப்புறம் கைரோசயின்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி அத வாங்குச்சு, 1999-ல அதுவும் செல்டெக்கோட சேர்ந்துடுச்சு. வாசல்ல போர்டு மாறிட்டே இருந்துச்சு, உள்ள எலிக்கூண்டு மட்டும் அப்படியே இருந்துச்சு. அந்த எலிக்கு ஸ்கர்ஃபினு பேரு. 1940-கள்ல டென்னசில ஓக் ரிட்ஜ்ல, அணுகுண்டு திட்டத்தோட தொடர்ச்சியா கதிர்வீச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த லேப்ல தானா வந்த மியூட்டேஷன் அது. ஆண் குட்டிங்க மட்டும் தோல் செதில் செதிலா உரிஞ்சு, மண்ணீரலும் நிணநீர் கணுக்களும் வீங்கி சில வாரத்துலயே செத்துடும். ஆண் குட்டிக்கு மட்டும் வர்றதால கோளாறு எக்ஸ் குரோமோசோம்ல இருக்குன்னு அப்பவே தெரியும், ஆனா எந்த ஜீன்னு அம்பது வருஷமா யாருக்கும் தெரியல. டி செல், அதாவது கிருமிய அடிக்கிற ஒரு வகை வெள்ளணு, கட்டுப்பாடு இல்லாம சொந்த உடம்பையே தாக்குதுங்கறது மட்டும் 90-கள்ல தெரிஞ்சிருந்துச்சு.

ப்ரன்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்த ஜீன கண்டுபிடிச்சா ஆட்டோஇம்யூன் நோய் எப்படி வருதுன்னு ஒரு பிடி கெடைக்கும், அதுல இருந்து மருந்துக்கு வழி வரும்னு நெனச்சாங்க. இப்ப மாதிரி எலியோட முழு ஜீனோம் கம்ப்யூட்டர்ல ரெடியா இருந்த காலம் இல்ல அது. எலியோட எக்ஸ் குரோமோசோம்ல சுமார் 17 கோடி டிஎன்ஏ எழுத்து. அத கொஞ்சம் கொஞ்சமா சுருக்கி 5 லட்சம் எழுத்துக்கு கொண்டு வந்தாங்க, அதுவே வருஷக்கணக்குல ஆச்சு. அந்த துண்டுல 20 ஜீன் இருக்கலாம்னு தெரிஞ்சுது. நல்ல எலி, நோய் எலி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு ஜீனா பாத்துட்டே வந்தாங்க. 19 ஜீன்ல ஒண்ணுமே இல்ல. கடைசி ஜீன், 20-வது, அதுல ரெண்டே ரெண்டு எழுத்து கூடுதலா நுழைஞ்சிருந்துச்சு. அந்த ஜீனுக்குதான் ஃபாக்ஸ்பி3-னு பேர் வச்சாங்க.

அதோட நிக்கல. ஐபெக்ஸ்னு ஒரு அபூர்வ நோய் ஆண் குழந்தைகளுக்கு வரும், பொறந்த கொஞ்ச நாள்லயே நிக்காத வயித்துப்போக்கு, சர்க்கரை நோய், தோல் முழுக்க எக்ஸிமா. பல ஊர் குழந்தை டாக்டர்கள் மூலமா சாம்பிள் வாங்கி பாத்தா அந்த குழந்தைகளுக்கும் அதே ஜீன்லதான் மியூட்டேஷன். 2001-ல பேப்பர் வந்துச்சு. கம்பெனில உக்காந்து செஞ்சது இவ்வளவும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இத நிறைய பேர் எழுதல. அதே 2001-ல அதே கம்பெனில ப்ரன்கோ முதல் பேரா இன்னொரு பேப்பர் போட்டாங்க. ஸ்க்லீரோஸ்டியோசிஸ்னு, எலும்பு அளவுக்கு மீறி தடிச்சு வளர்ற நோய், தென்னாப்பிரிக்காவுல ஆஃப்ரிகானர் குடும்பங்கள்ல இருக்கு. அதுக்கு காரணமான சோஸ்ட் ஜீன அவங்க டீம் கண்டுபிடிச்சுது. அந்த ஜீன் கெட்டுப்போனா எலும்பு தடிக்குதுன்னா, அது செய்ற புரதத்த தடுத்தா எலும்பு பலமாகும்ல? அந்த வழியில வந்த மருந்துதான் ரோமோசோசுமாப், எலும்பு தேய்மானத்துக்கு, அமெரிக்காவுல 2019-ல அனுமதி கெடச்சுது. கம்பெனில சயின்ஸ் இல்லன்னு யாராவது சொன்னா எனக்கு இந்த ரெண்டு பேப்பரும்தான் ஞாபகம் வரும்.

ஆனா ஒண்ண மறைக்க கூடாது. கம்பெனில எந்த கேள்விய தொடரலாம், எத விடணும்ங்கறது உங்க கையில முழுசா இருக்காது. டேட்டா நல்லா இருந்தும் ப்ராஜெக்ட நிறுத்துவாங்க. என்னோட முதல் கம்பெனில மூணு வருஷம் ஒரு ஆன்டிபாடி மருந்த வளத்தோம், எலில அருமையா வேல செஞ்சுது, ஒரு நாள் காலைல மீட்டிங் போட்டு இனிமே இந்த நோய்ப்பக்கம் நாம போகலன்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான், ஃப்ரீசர்ல இருக்கற டியூப எல்லாம் எடுத்து லேபிள் எழுதி வச்சிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அது வலிக்கும்மா. அந்த வலிய தெரிஞ்சுக்கிட்டு வாங்க, சார் சொன்ன காரணத்துக்காக வராம இருக்காதீங்க.

டி-ரெக் செல்னா என்ன, பத்தாம் வகுப்பு பசங்களுக்கு புரியற மாதிரி சொல்லுங்க மேடம்.
அறிவியல் ஆசிரியர், விருத்தாசலம்

சார், தெருவுல சண்ட வந்தா ரெண்டு பக்கமும் கைய ஓங்கிட்டு நிக்கிறப்ப நடுவுல பூந்து விடுறா விடுறான்னு இழுத்துட்டு போற பெரியவர் ஒருத்தர் இருப்பாருல்ல, அந்த செல்தான் டி-ரெக். மத்த டி செல் எல்லாம் கிருமிய அடிக்கும், சில சமயம் ஆள் தெரியாம நம்ம மூட்டுங்களையோ கணையத்தையோ அடிக்கும், இது அத நிறுத்தும்.

எப்படி நிறுத்துதுன்னு பசங்க கேப்பாங்க. ஒரு வழி மட்டும் சொல்லுங்க, போதும். டி செல் பெருகணும்னா ஐஎல்-2-னு ஒரு சத்து வேணும். டி-ரெக் மேல அந்த ஐஎல்-2-வ பிடிக்கிற கை ரொம்ப அதிகம், அந்த கையில ஒரு பாகத்துக்கு பேருதான் சிடி25. பக்கத்துல இருக்கற ஐஎல்-2-வ இது மொதல்லயே வாரிக்கும், சண்டைக்கு வந்த செல் பட்டினி கெடக்கும்.

ஜப்பான்ல சகாகுச்சி இத கண்டுபிடிச்ச கதைய கண்டிப்பா சொல்லுங்க. பொறந்து மூணாம் நாள் எலிக்குட்டிக்கு டி செல் முதிர்ற எடமான தைமஸ் சுரப்பிய எடுத்துட்டா எதிர்ப்பு சக்தி கொறையணும், ஆனா நேர் மாறா உடம்பே உடம்ப தாக்குச்சு. நல்ல எலியோட டி செல்ல ஏத்துனா அது நின்னுச்சு. அப்ப டி செல்லுலயே அடக்குற வகை ஒண்ணு இருக்கணும்ல? இத அவரு பேசுன நேரத்துல, அடக்குற டி செல்னு முன்னாடி சிலர் சொன்ன ஆதாரம் எல்லாம் பொய்யா போயி அந்த துறையையே எல்லாரும் கைவிட்டிருந்தாங்க. அவரு விடாம பத்து வருஷத்துக்கு மேல தேடி 1995-ல சிடி25 இருக்கற செல்தான் அதுன்னு காட்டுனாரு. அப்புறம் 2003-ல, இந்த செல்ல உருவாக்குற ஜீனே ஃபாக்ஸ்பி3-தான்னு சகாகுச்சி குழு, அமெரிக்காவுல ருடென்ஸ்கிங்கற விஞ்ஞானியோட குழு, ராம்ஸ்டெல் குழு மூணும் தனித்தனியா பேப்பர் போட்டாங்க. கம்பெனி எலியும் ஜப்பான் எலியும் ஒரே எடத்துல வந்து நின்ன வருஷம் அது.

என் மகள் பாஸ்டனில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி, செய்கிறாள். பயோடெக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த வேலைகள் நிலையில்லாதவை என்கிறார்கள். பெற்றோராக நாங்கள் என்ன சொல்வது?
ஒரு தந்தை, தென்காசி

அய்யா, உங்க கேள்விக்கு சுத்தி வளைக்காம சொல்றேன், நிலையில்லாததுதான். சின்ன பயோடெக்ல வியாபாரத்துக்கு மருந்தே இருக்காது, முதலீட்டாளர் பணத்துல ஓடும், ஒரு கிளினிக்கல் ட்ரையல் தோத்தா பாதி பேர வீட்டுக்கு அனுப்புவாங்க. எனக்கே ரெண்டு தடவ நடந்திருக்கு.

ஆனா ராம்ஸ்டெல் போன பாதைய ஒரு தடவ பாருங்க. சான் டியகோல பி.எஸ்., லாஸ் ஏஞ்சலஸ்ல யுசிஎல்ஏ-ல 1987-ல பிஎச்.டி., அப்புறம் அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்-ல போஸ்ட்டாக், சியாட்டில்ல இம்யூனெக்ஸ், அங்கிருந்து அந்த டார்வின் மாலிக்யூலர், அது செல்டெக் ஆச்சு, அப்புறம் ஸைமோஜெனடிக்ஸ், நோவோ நார்டிஸ்க், சான் டியகோல ஏடைர், சான் ஃப்ரான்சிஸ்கோல பார்க்கர் இன்ஸ்டிடியூட், கடைசியா 2019-ல சொனோமா பயோதெரபியூடிக்ஸ், அத ருடென்ஸ்கி, புளூஸ்டோன், டாங் இவங்களோட சேர்ந்து தொடங்குனாரு. நம்ம ஊர்ல இந்த பயோடேட்டாவ யாராவது பொண்ணு பாக்குற வீட்டுல காட்டுனா பையன் ஒரு எடத்துல நிக்க மாட்டான் போலன்னு சொல்லிடுவாங்க. ஆனா உத்து பாருங்க, கம்பெனிதான் மாறியிருக்கு, மனுஷன் பெரும்பாலும் டி செல்ல விடவே இல்ல. 2001-ல ஜீன கண்டுபிடிச்சவரு, 18 வருஷம் கழிச்சு, டி-ரெக் செல்லையே மருந்தா மாத்தி மூட்டுவாதக்காரங்களுக்கு குடுக்கலாமான்னு கம்பெனி ஆரம்பிக்கிறாரு. இந்த துறையில நிலைங்கறது கையில இருக்கற கேள்விதான் அய்யா, கம்பெனி போர்டு இல்ல.

உங்க மகள் கிட்ட ரெண்டு மூணு விஷயம் கேட்டுக்குங்க. கம்பெனி கையில எத்தன மாசத்துக்கு பணம் இருக்கு, இன்டர்வியூலயே கேக்கலாம், தப்பு கிடையாது. ஒரே ஒரு மருந்த நம்பி இருக்காங்களா இல்ல ரெண்டு மூணு இருக்கா? முக்கியமா விசா. யுனிவர்சிட்டிக்கு எச்1பி-ங்கற அமெரிக்க வேலை விசால வருஷாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது, கம்பெனின்னா குலுக்கல்ல பேர் வரணும். எச்1பி-ல இருக்கறப்ப வேல போனா அடுத்தது தேட 60 நாள்தான் குடுப்பாங்க. அதனால ஆறு மாச செலவுக்கு பணம் தனியா வைக்க சொல்லுங்க. ஊருக்கு பணம் அனுப்புறத அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளி வச்சா நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நீங்களே வாயால சொல்லிடுங்க, பிள்ளைங்க அத கேக்கறதுக்கு கூச்சப்படுவாங்க.

பிஎச்.டி. இல்லாம போக முடியாதா?
வாசகர், ஓசூர்

போகலாம் தம்பி. எம்.எஸ்சி.யோட ரிசர்ச் அசோசியேட்டா சேரலாம், லேப்ல நெஜமான வேல பாதி அவங்க கையிலதான் நடக்குது. ஆனா சயின்டிஸ்ட்ங்கற பதவிக்கு பெரும்பாலும் பிஎச்.டி. கேக்குறாங்க, பத்து வருஷ அனுபவத்துல ஏறுனவங்களும் இருக்காங்க, கம்மிதான். ரெண்டு வருஷம் வேல பாத்துட்டு அப்புறம் பிஎச்.டி. போங்க, எனக்கு கேட்டா அதுதான் நல்ல வழி, எது பிடிக்குதுன்னு தெரிஞ்சு போவீங்க.

அக்கா, இம்யூனாலஜி பிஎச்.டி. முதல் வருஷம். கம்பெனிக்கு போறதுக்கு இப்பவே என்ன கத்துக்கணும்?
வாசகர், திருச்சி

ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது செல்லுல ஒளிர்ற சாயம் ஒட்டி லேசர்ல ஒண்ணொண்ணா பாத்து வகை பிரிக்கறது. அதுக்கப்புறம்தான் மத்தது எல்லாம்.

மெஷின்ல சாம்பிள் போட்டு டாட் ப்ளாட் எடுக்க தெரியும்னு சொல்றத நான் கணக்குல எடுக்க மாட்டேன், நான் இன்டர்வியூ எடுக்கறப்ப கேக்கறது வேற. செத்த செல்ல எப்படி பிரிச்ச? அதுக்குன்னு சாயம் போட்டியா? செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் ஒட்ட வச்சுக்கும், அத விட்டுட்டா புதுசா ஒரு செல் வகைய கண்டுபிடிச்ச மாதிரியே தெரியும், பாவம் எத்தன பேர் அதுல ஏமாந்திருக்காங்க. ப்ளாட்ல செல் கூட்டத்த பிரிக்கற கோடு எங்க போட்ட, ஏன் அங்க போட்ட? ஒரு நிறத்த மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் போட்ட எஃப்எம்ஓ கன்ட்ரோல் வச்சியா? ஒரு நிறம் இன்னொண்ணுக்குள்ள கசியறத எப்படி சரி பண்ணுன?

டி-ரெக்கையே எடுத்துக்க தம்பி, அது ஒரு நல்ல பரீட்சை. ஃபாக்ஸ்பி3 நியூக்ளியஸ் உள்ள இருக்கறதால செல்ல ஃபிக்ஸ் பண்ணி ஓட்ட போட்டாதான் ஆன்டிபாடி உள்ள போகும், ஆனா ஃபிக்ஸ் பண்ணுனா செல் செத்துடும், அப்ப உயிரோட பிரிச்செடுக்க என்ன பண்ணுவ? அதுக்குதான் செல் மேல இருக்கற சிடி25 நெறையவும் சிடி127-ங்கற இன்னொரு புரதம் கம்மியாவும் இருக்கறத பாத்து எடுக்கறாங்க. இன்னொரு சிக்கல், மனுஷங்கள்ல சாதாரண டி செல்லு கூட தூண்டப்பட்டா கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும், எலில அவ்வளவா கெடையாது. எலி டேட்டாவ அப்படியே மனுஷனுக்கு போடுறவன் இந்த எடத்துலதான் விழுவான். இத ஒரு பையன் இன்டர்வியூல அவனாவே சொன்னான், நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

மனுஷ ரத்தத்துல இருந்து செல் பிரிக்கறது, உறைய வச்சு எடுத்தப்புறம் எத்தன உயிரோட இருக்குன்னு எண்ணுறது, புரதத்த அளக்கற எலைசா, இதெல்லாம் கை பழகணும். ஆர் இல்ல பைத்தான், ஏதோ ஒரு புரோகிராமிங் மொழி, ஒவ்வொரு செல்லா அளந்த சிங்கிள் செல் டேட்டாவ நீயே தெறந்து பாக்குற அளவுக்காவது. லேப் நோட்ட தேதி போட்டு எழுது, கம்பெனில அது பேட்டன்ட் விஷயம்.

தோத்த எக்ஸ்பெரிமென்ட பத்தி பேச கத்துக்க. வேலைக்கு எடுக்கறப்ப குடுக்கற ஜாப் டாக்ல நாப்பத்தஞ்சு நிமிஷமும் ஜெயிச்சதையே காட்டிட்டு போறவங்கள விட, இது நடக்கல, இதனால நடக்கலன்னு எனக்கு தெரிஞ்சுது, அடுத்து இத மாத்துனேன்னு சொல்றவங்களதான் நாங்க எடுப்போம். ஸ்கர்ஃபி எலில 19 ஜீன் காலியா இருந்தத ஒழுங்கா எழுதி வச்சு தாண்டி வந்ததாலதானே 20-வதுக்கு போனாங்க.

வெளிநாடு போகாம இந்தியாவிலேயே இந்த வேலை செய்ய முடியுமா?
வாசகர், மதுரை

முடியும், முன்னைய விட இப்ப நல்லாவே முடியும். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்ஆர்எஃப் 42,000, 2023 ஜனவரில இருந்து இந்த கணக்கு. வாடகைப்படி தனி. டெல்லில தேசிய இம்யூனாலஜி நிறுவனம், ஃபரிதாபாத்ல டிஎச்எஸ்டிஐங்கற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர்ல ஐஐஎஸ்சி, நம்ம பக்கம் வேலூர் சிஎம்சி, சென்னைல சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த சேத்துப்பட்டு எடத்த தயவுசெஞ்சு சாதாரணமா நெனைக்காதீங்க, காசநோய்க்கு உடம்பு எப்படி பதில் குடுக்குதுங்கறது உலகத்துக்கே தேவைப்படற கேள்வி, அதுக்கான நோயாளிகளும் சாம்பிளும் அங்கதான் இருக்கு.

கம்பெனின்னு பாத்தா வாக்சின்தான் நம்ம பலம். பாரத் பயோடெக் ஆரம்பிச்ச கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணில பொறந்தவரு, அமெரிக்காவுல விஸ்கான்சின்ல பிஎச்.டி. பண்ணிட்டு திரும்பி வந்து ஹைதராபாத்ல தொடங்குனாரு. செல் தெரபில பாம்பே ஐஐடில இருந்து கெளம்புன இம்யூனோஆக்ட், டாடா மெமோரியலோட சேர்ந்து செஞ்ச நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபர்ல அனுமதி வாங்குச்சு, இந்தியாவுலயே உருவான முதல் கார்-டி செல் சிகிச்சை, ரத்தப் புற்றுநோய்க்கு. நோயாளியோட டி செல்ல எடுத்து மாத்தி திருப்பி ஏத்துறாங்க. இந்த மாதிரி எடத்துல ஃப்ளோ தெரிஞ்ச ஆள், செல் வளக்க தெரிஞ்ச ஆள், தரம் பாக்குற ஆள் மூணு பேருமே வேணும். சம்பளம் ஐடி அளவுக்கு ஆரம்பத்துல வராது, அத வீட்டுல மொதல்லயே சொல்லிடுங்க.

மேடம், பிஎச்.டி. முடித்து திருமணம், குழந்தை என்று நான்கு வருடம் இடைவெளி. வயது 35. லேபுக்குத் திரும்பவே பயமாக இருக்கிறது. எனக்கு இனிமேல் வாய்ப்பு உண்டா?
வாசகி, ஈரோடு

உண்டுமா. உங்க கடிதத்த படிச்சதுமே ப்ரன்கோ ஞாபகம்தான் வந்துச்சு. ப்ரின்ஸ்டன்ல 1991-ல பிஎச்.டி., அந்த ரெண்டு பெரிய ஜீன் கண்டுபிடிப்பு, அதுக்கப்புறம் அவங்க பேராசிரியர் ஆகல, கம்பெனி தலைவர் ஆகல. சியாட்டில்ல இன்ஸ்டிடியூட் ஃபார் சிஸ்டம்ஸ் பயாலஜில புரோகிராம் மேனேஜரா இருந்தாங்க, பல லேப் சேர்ந்து செய்ற ப்ராஜெக்ட ஒழுங்கா நடத்தி குடுக்கற வேல. நோபல் அறிவிச்ச அன்னைக்கு விடியக்காலைல ஸ்வீடன்ல இருந்து போன் வந்தப்ப ஏதோ ஸ்பேம்னு எடுக்காம தூங்கிட்டாங்க, வாசல்ல போட்டோகிராஃபர் வந்து நின்னு நாய் கொலச்சப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. ராம்ஸ்டெல் அதுக்கு மேல, மலைப்பக்கம் வெளித்தொடர்பே இல்லாம முகாம் போட்டிருந்தாரு, திடீர்னு மனைவி தன் போன்ல வந்து குவிஞ்ச மெசேஜ பாத்து கத்துனதும் கரடிதான் வந்துடுச்சுன்னு நெனச்சிருக்காரு.

இத ஏன் சொல்றேன்னா, பைப்பெட் பிடிச்சாதான் இம்யூனாலஜின்னு நெனச்சு நிறைய பொண்ணுங்க வெலகிடறாங்க. புரோகிராம் மேனேஜ்மென்ட் இருக்கு, கிளினிக்கல் ட்ரையல்ல நோயாளி ரத்தத்துல மருந்து வேல செய்யுதான்னு பாக்குற பயோமார்க்கர் வேல இருக்கு, அரசு அனுமதிக்கு ஆவணம் எழுதறது இருக்கு, பேட்ச் பேட்சா தரம் சோதிக்கிறது இருக்கு. எல்லாத்துலயும் உங்க பிஎச்.டி. படிப்பு நேரா உதவும். லேபுக்கே திரும்பணும்னா மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறையான டிபிடில பயோகேர்னு பெண் விஞ்ஞானிகளுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு, இடைவெளி விட்டவங்களையும் மனசுல வச்சு கொண்டு வந்ததுதான், அறிவிப்பு வர்றப்ப விதிய படிச்சிட்டு போடுங்க.

பயோடேட்டால அந்த நாலு வருஷத்த மறைக்காதீங்க, குழந்தை வளர்ப்புன்னு ஒரே வரி எழுதுங்க, போதும். இந்த வாரத்துல பழைய லேப் கைடுக்கு ஒரு மெயில் போடுங்க, ரெண்டு மாசம் வந்து ஃப்ளோ கைய திருப்பி பழகிக்கலாமான்னு கேளுங்க. அவங்க ஒத்துக்கிட்டா, வந்த மொத நாள் உங்க ரத்தத்துலயே சிடி25, சிடி127 போட்டு டி-ரெக் தெரியுதான்னு பாருங்க, அந்த சின்ன கூட்டம் ஸ்க்ரீன்ல தனியா வந்து நிக்கறப்ப எனக்கு ஒரு வரி எழுதி போடுங்க.